பரிவு நரம்பும் நம் பரிவும்



நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவரை நடக்க விடாதீர்கள். மாடிப்படியில் இறக்காதீர்கள். ஸ்கூட்டர் பின்சீட்டில் ஏற்றாதீர்கள். அவர் காதில் விழும்படி அழாதீர்கள். அவர் எதிரில் பணக்கணக்கு பேசாதீர்கள். நீளப் பதிவு என்றால் ஓடிவிடுகிறவர்கள் இந்த நாலு வரியோடு போகலாம், கோபமில்லை. ஏன் என்று கேட்கிறவர்கள் மட்டும் மேலே வாருங்கள். 34 வருஷம் அரசுப் பள்ளியில் விலங்கியல் எடுத்தவளுக்குக் காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொல்ல வராது.

பிளஸ் டூவில் தானியங்கு நரம்பு மண்டலம் நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். "டீச்சர், பரிவுன்னா இரக்கம்தானே? நாய் துரத்துறப்ப வேலை செய்யுற நரம்புக்கு ஏன் டீச்சர் இரக்க நரம்புன்னு பேரு?" நல்ல கேள்வி. ஓர் உறுப்பு துன்பப்பட்டால் இன்னோர் உறுப்பும் சேர்ந்து உணர்கிறது என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த ஒத்துணர்வு இந்த நரம்புகள் வழியாகத்தான் போகிறது என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள். அந்தப் பெயர் தமிழுக்கு வந்தபோது பரிவு நரம்பு என்று ஆகிவிட்டது. செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் பதற்ற நரம்பு என்றுதான் வைத்திருக்க வேண்டும்.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மணிமாலை மாதிரி நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் கிளம்புகிற இழைகள் அந்த முடிச்சுகளில் கைமாறி இதயத்துக்குப் போகின்றன. கழுத்தும் மார்பும் சேருகிற இடத்தில் பெரியதாக ஒன்று, நட்சத்திர வடிவத்தில். நட்சத்திர முடிச்சு என்றே அதற்குப் பெயர். இதைப் பிறகு சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதயத் தசையில் போய் முடிகிற இழை நுனிகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி தன் பங்குக்கு அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. துடிப்பு வேகமாகிறது, ஒவ்வொரு துடிப்பும் பலமாகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. நாய் துரத்தும்போது இது வரம்.

ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட இதயத்துக்கு இதே வரம் என்ன செய்யும் என்பதுதான் இந்தப் பதிவு.

கை கால் தசைகள் சும்மா இருக்கும்போது, வருகிற ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். வேலை கூடினால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், கையிருப்பு உண்டு. இதயத் தசை அப்படி இல்லை. நாம் ஈஸிசேரில் சாய்ந்திருக்கும்போதே கிட்டத்தட்ட முக்கால் பங்கை உறிஞ்சிவிடுகிறது. அதற்கு மேல் வேலை வந்தால் அதிக ரத்தம் வந்துதான் ஆக வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அது எங்கிருந்து வரும்? 2019 கோடையை நம் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். போர்வெல்லில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை ஓட்டினால் தண்ணீர் வராது, மோட்டார்தான் கருகும்.

இன்னொரு விஷயம் இதைவிட அழகானது, இதைவிட பயங்கரமானதும்கூட. இதயம் சுருங்கும்போது உடம்பு முழுக்க ரத்தம் போகிறது. ஆனால் சுருங்கிய தசை தனக்குள் ஓடுகிற குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. அதனால் இடது கீழறையின் சுவருக்குப் பெரும்பாலும் தளர்கிற நேரத்தில்தான் சாப்பாடு. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் இரண்டு பந்திக்கு நடுவில்தானே சாப்பிட முடியும், அந்த மாதிரி. நிமிஷத்துக்கு 70 தடவை துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.85 வினாடி, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தளர்ந்திருக்கும் நேரம். துடிப்பு 140 ஆனால் மொத்தமே 0.43 வினாடிதான், அதில் பாதிகூடத் தளர்வுக்குக் கிடைக்காது. பந்தி மேல் பந்தி. பரிமாறுகிறவர் பட்டினி.

ஆக, பரிவு நரம்பு முடுக்க முடுக்க, இதயத்தின் தேவை ஏறுகிறது, அது சாப்பிடுகிற நேரம் குறைகிறது. போதாததற்கு, கொழுப்புப் படிந்து கெட்டுப்போன குழாய்கள் அட்ரினலின் பட்டால் விரிவதற்குப் பதிலாகச் சுருங்கவும் செய்யும். ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற வேகமும் கூடும். அடைப்புக்கு ஏற்கெனவே காரணம் அந்த ஒட்டல்தான்.

இது வெளியிலிருந்து வருகிற முடுக்கம். உள்ளேயே ஒன்று நடக்கிறது. ஜெர்மனியில் ஆல்பர்ட் ஷோமிக் என்பவரும் அவர் குழுவும் 1980களில் விலங்குகளின் இதயங்களில் இதை விவரமாகக் காட்டினார்கள். ரத்தம் நின்று பத்து, பதினைந்து நிமிஷத்தில், பட்டினியில் மாட்டிய நரம்பு நுனிகளே தங்கள் சேமிப்பை அடக்க முடியாமல் கசியவிடுகின்றன. சாதாரணமாக, வெளியே விட்ட நார்அட்ரினலினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு வாசல் உண்டு. உப்புச் சமநிலை கெட்டதும் அந்த வாசல் எதிர்த்திசையில் திறந்துகொள்கிறது. மூளையின் கட்டளையே தேவையில்லை. பாதிக்கப்பட்ட அந்தக் கொஞ்சம் தசையில் மட்டும் அளவு நூறு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. சாகிற நிலையில் இருக்கும் தசையை அதன் சொந்த நரம்பே சாட்டையால் அடிக்கிறது.

முழுவதும் அடைபட்ட குழாய்க்குக் கீழே உள்ள தசை சுமார் 20 நிமிஷத்துக்குப் பிறகு சாகத் தொடங்கும். எல்லாம் ஒரே நேரத்தில் சாகாது. உள்சுவரில் ஆரம்பித்து, மணிக்கணக்கில், வெளிச்சுவர் நோக்கி அலை மாதிரி பரவும். பாதி உயிரோடு நடுவில் இருக்கிற தசைதான் பிழைக்கக்கூடியது. வேலையை ஏற்றினால் அதுவும் சீக்கிரம் போகும். அதைவிட அவசரமான ஆபத்து மின்சாரக் கோளாறு. நல்ல தசையில் ஒரு வேகம், பட்டினித் தசையில் ஒரு வேகம் என்று மின்னலை தடுமாறும்போது, நார்அட்ரினலின் அதில் நெருப்பு வைக்கிறது. கீழறை துடிப்பதை விட்டுவிட்டுப் புழுக்கூட்டம் மாதிரி நெளிய ஆரம்பிக்கிறது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். "நல்லாத்தான் பேசிட்டு இருந்தார், வாசல்ல வந்து அப்படியே சாஞ்சிட்டார்" என்று சாவு வீடுகளில் கேட்கிறோமே, அவற்றில் நிறைய இதுதான்.

புத்தகத்தில் இருப்பது மனுஷனிடம் நடக்கிறதா என்று கேட்கலாம். அயர்லாந்துத் தீவின் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் பிடிபட்டு, சயாம் மரண ரயில் பாதையில் கைதியாக வேலை செய்தவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஜனங்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்த அதே பாதை. பிழைத்து ஊர் திரும்பிய அந்த மனுஷர் 1966ல், மாரடைப்பு வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குப் பதில் ஆஸ்பத்திரியையே அவர் வீட்டுக்கு வண்டியில் அனுப்பினார். இன்று உலகம் முழுக்க ஓடும் இதய ஆம்புலன்ஸுகளுக்கு அது முன்னோடி. அந்த வண்டியால் ஒரு புது விஷயமும் தெரிந்தது. வலி தொடங்கி அரை மணிக்குள் நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு அதுவரை டாக்டர்களுக்கு இருந்ததில்லை. 1972ல் அவர்கள் எழுதியபடி, அப்படிப் பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தானியங்கு நரம்புகள் நிலைகுலைந்திருந்தன. சிலருக்குப் பரிவு நரம்பு எகிறி நாடி ஓடியது, அழுத்தம் ஏறியது. இன்னும் சிலருக்கு, முக்கியமாக இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவரில் அடைப்பு வந்தவர்களுக்கு, எதிர்ப்பரிவு நரம்பு எகிறி நாடி படுத்துவிட்டது, அழுத்தம் சரிந்தது. இரண்டாம் வகை ஆளை எழுப்பி நிற்க வைத்தால் அங்கேயே மயங்கி விழுவார். எந்த வகை என்று வீட்டிலிருந்து நமக்குத் தெரியாது. நடக்க விடக்கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

மனசு மட்டும் பதறினாலே இது நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் விடிகாலையில் நிலநடுக்கம். அந்த ஒரு நாளில் திடீர் இதய மரணங்கள் 24. அதற்கு முந்தைய நாட்களின் சராசரி ஐந்துகூட இல்லை. 2006 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசர நிலைகள் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறின. கட்டிடம் இடிந்து விழுந்து சாகவில்லை, பந்து பட்டுச் சாகவில்லை. ஏற்கெனவே அரைகுறையாக அடைத்திருந்த குழாய்கள், மேலே பரிவு நரம்பு.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று எங்கே பார்த்தாலும் தரைத்தளத்தில் கார், மேலே மூன்று மாடி. இருபது வருஷத்துக்கு முன் கட்டியவற்றில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது நாற்பது வயது, இப்போது அறுபது, அறுபத்தைந்து. பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும். போன மார்கழியில் பக்கத்து அடுக்ககத்தில் மூன்றாவது மாடி சாருக்கு விடிகாலை ஐந்தரைக்கு நெஞ்சை அழுத்தியது. (மாரடைப்பு விடிகாலையிலும் காலையிலும்தான் அதிகம் வரும். எழுந்திருக்கும் நேரத்தில் பரிவு நரம்பும் எழுந்துகொள்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.) முதலில் ஜெலுசில். பிறகு ஓமத்திரவம். முதுகில் தட்டல். ஆறேகாலுக்கு அவர் மனைவி எனக்கு போன் செய்தார். "டீச்சரம்மா, இவருக்கு வேர்த்து ஊத்துது, தம்பி கீழ வண்டி எடுக்குறான்." நான் போவதற்குள் அவர் வேட்டியைச் சட்டையை மாற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து இரண்டு மாடி இறங்கிவிட்டார். பின்னால் அந்தம்மா பெரிதாக அழுதுகொண்டு. படியிலேயே உட்கார வைத்தோம். அவர் மகன் "ஆன்ட்டி, டிராஃபிக் ஆகுறதுக்குள்ள போயிடலாம்" என்று துடிக்கிறான். பையனைக் குறை சொல்ல மாட்டேன், அப்பா மேல் உயிர். ஒரு மர நாற்காலி கொண்டுவரச் சொல்லி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கி இறக்கி, எதிர்வீட்டு காரில் அனுப்பினோம்.

இதோடு போகவில்லை. அவர்கள் சேர்ந்த ஒரு தனியார் மருத்துவமனையில், கட்டிலில் கிடக்கிற அந்த மனுஷரின் காலடியில் நின்றுகொண்டே, "ஸ்டென்ட் எந்த ரேஞ்ச்ல பாக்கலாம், இன்ஷூரன்ஸா கேஷா, இப்போ எவ்வளவு கட்டுவீங்க" என்று ஒருவர் பேசினாராம். அவர் பென்ஷன் வாங்குகிற மனுஷர். எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போலாம்" என்று கத்தினாராம். மானிட்டரில் அப்போது நாடி எவ்வளவு காட்டியது என்று யாரும் பார்க்கவில்லை. சார் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் பம்ப் திறன் 35 சதவீதம்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படி இறங்கியதாலா, ஜெலுசிலில் போன முக்கால் மணி நேரத்தாலா, அந்தக் காசுப் பேச்சாலா, எதுவும் இல்லாமலேயே அப்படித்தான் ஆகியிருக்குமா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றுமே நாம் நினைத்தால் தவிர்க்கக்கூடியவை.

"அப்படின்னா அந்த நரம்பை அடக்க மாத்திரை இல்லையா டீச்சர்?" என்று என் பழைய மாணவர் யாராவது கேட்பீர்கள். உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். எல்லோரும் இதயத்துக்கு ரத்த வரவை எப்படிக் கூட்டலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், தேவையைக் குறைத்தால் என்ன என்று திருப்பிக் கேட்டார். அதிலிருந்து பிறந்தவை பீட்டா பிளாக்கர்கள், 1960களில் ப்ரோப்ரனலால். 1988ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு. 1986ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 16,000 மாரடைப்பு நோயாளிகளிடம் அட்டெனலால் கொடுத்துப் பார்த்து, இறப்பு 4.6 சதவீதத்திலிருந்து 3.9க்கு இறங்கியதைக் காட்டியது.

அதற்காக அலமாரியில் கிடக்கும் மெட்டோப்ரோலாலை எடுத்து விழுங்கிவிடாதீர்கள். 2005ல் சீனாவில் 45,000க்கு மேற்பட்டவர்களிடம் அதே மாரடைப்பு வேளையில் உடனே கொடுத்துப் பார்த்தார்கள். தாளக்கோளாறும் மறு மாரடைப்பும் குறைந்தன. ஆனால் முதல் ஒரு நாளில் இதயம் சுருண்டு அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள் கூடிவிட்டார்கள். கழித்துக் கூட்டினால் இறப்பில் வித்தியாசமே இல்லை. காரணம் யோசித்தால் புரியும். பலவீனமான இதயத்துக்கு அந்தச் சாட்டைதான் அந்த நேரத்தில் ஊன்றுகோலும். அதைச் சட்டென்று பிடுங்கினால் ஆள் விழுந்துவிடுவார். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது ஈசிஜியும் அழுத்தமும் பார்த்து டாக்டர் முடிவு செய்கிற விஷயம். நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் அப்படித்தான். அழுத்தம் ஏற்கெனவே சரிந்த ஆளுக்குக் கொடுத்தால் இன்னும் சரிக்கும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு எழுதிக் கொடுத்தது நமக்கு இல்லை.

நட்சத்திர முடிச்சு என்றேனே. மாரடைப்பில் பிழைத்தவர்களின் கதை சிலருக்கு அங்கே போய் நிற்கிறது. தசையோடு நரம்பு இழைகளும் செத்துப்போகின்றன. பிறகு, வெட்டிய முருங்கை துளிர்க்கிற மாதிரி, அவை தாறுமாறாகத் துளிர்க்கின்றன. ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெறுமை. மாதங்கள், வருஷங்கள் கழித்து அதிலிருந்து தாளக்கோளாறு புயல் கிளம்பலாம். நெஞ்சுக்குள் வைத்த கருவி ஷாக் கொடுக்கிறது. ஷாக்கின் வலியிலும் பயத்திலும் பரிவு நரம்பு எகிறுகிறது. அதனால் இன்னொரு புயல், இன்னொரு ஷாக். மருந்துக்கு அடங்காதபோது அந்த முடிச்சின் கீழ்ப்பாதியையும் அதை ஒட்டிய மார்பு முடிச்சுகளையும் அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். 1916லேயே ருமேனியாவில் ஜொன்னெஸ்கோ என்ற அறுவை மருத்துவர் நெஞ்சு வலிக்காக இந்த நரம்பை வெட்டிப் பார்த்திருக்கிறார். இந்தச் சிகிச்சையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கல்யாணம் சிவகுமார். 1991ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர்; லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இதயத் தாள மையத்தை 2002ல் தொடங்கியதிலிருந்து நடத்துகிறவர். 2017ல் அவர் குழுவும் மற்ற மையங்களும் சேர்ந்து வெளியிட்ட 121 நோயாளிகளின் கணக்கில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருஷம் வரை ஷாக் இல்லாமல் இருந்தார்கள். ஒரு நரம்பை அறுத்து எறிகிற அளவுக்கு டாக்டர்கள் போகிறார்கள் என்றால், அதைச் சும்மா கிளறிவிடாமல் இருக்க நாம் எவ்வளவு மெனக்கெடலாம், யோசியுங்கள்.

‘கேஸ்’ பற்றி ஒரு வார்த்தை. இதயத்தின் வலிச் செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிற இழைகளும் இந்தப் பரிவு நரம்புப் பாதையில்தான் பயணிக்கின்றன. கையிலிருந்து வருகிற இழைகள் போய்ச் சேருகிற அதே மட்டத்தில் இவையும் சேருவதால்தான் இதயம் வலித்தால் இடது கை வலிக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போகிற மாதிரி இந்த இழைகளும் கெட்டுப்போகலாம். அப்போது மாரடைப்பு வலிக்கவே வலிக்காது. மூச்சு வாங்கும், வேர்க்கும், குமட்டும், கையைத் தூக்க முடியாத அசதி வரும், அவ்வளவுதான். 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரில் ஒருவர். அந்த ஏழில் ஒருவருக்கு விடிகாலையில் குமட்டி வேர்த்தால், தயவுசெய்து சோடாவை உடைக்காதீர்கள், ஈனோவைக் கலக்காதீர்கள். பெண்களுக்கும் இப்படி வலியில்லாமல் வருவது உண்டு. "சமையல் கட்டு சூடு" என்று தள்ளிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஓங்கி ஓங்கி இருமு என்று, அதையும் எனக்கு அனுப்பாதீர்கள். இருமுகிற நேரத்தில் 108 அடிக்கலாம்.

அரசாங்கத்தைத் திட்டி ஒரு பதிவு போட்டால் லைக் அதிகம் வரும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நம் மாநிலம் உருப்படியாகச் செய்திருக்கிறது. 108 வண்டி 2008லிருந்து ஓடுகிறது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி முதலான இதய மருத்துவர்கள், சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் 108ஐயும் ஒரே வலையாகக் கோத்துப் பார்த்தார்கள். 2420 நோயாளிகள். 2017ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2க்கு இறங்கியிருந்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை, ஒழுங்கு மட்டும்தான். 2023 ஜூனில் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும்கூட ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் தொடக்க அளவில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்துத் தெருவில் இருக்கிற சுகாதார நிலையத்தைத் தடுப்பூசிக் கூடமாக மட்டும்தான் நினைக்கிறோம்.

ஆக, பெரிய ஆஸ்பத்திரியின் வாசலுக்கு அந்தப் பக்கம் ஓரளவு சரியாகிவிட்டது. படுக்கையறையிலிருந்து தெருவரைக்கும் உள்ள அந்த அறுபது படிக்கட்டு அரசாங்கத்தின் வேலை இல்லை. அது நம் வேலை, அதை நாம் செய்யவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

"108 வர லேட் ஆகும், ஜிஎஸ்டி ரோட்டுல மாட்டிக்கும், பைக்ல போனா பத்து நிமிஷம்" என்பார்கள். நியாயமான வாதம், தள்ளிவிட முடியாது. பண்டிகை நாளில் பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் வண்டிகள் நிற்பதைப் பார்க்காதவளா நான். நேரம்தான் தசை, அடைப்பு திறக்கிற வரை ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. நடக்க விடாதே என்றால் காத்துக்கொண்டே இரு என்று அர்த்தம் இல்லை. முதலில் 108ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். தாமதம் என்றால் கார், அதுவும் இல்லையென்றால் ஆட்டோ. ஆனால் வண்டி வரைக்கும் அவர் கால் தரையில் படக்கூடாது; நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்குங்கள். வண்டியை அவர் ஓட்டக்கூடாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போவதே ஓர் உழைப்பு, அதோடு வழியில் நினைவு தப்பினால் விழுவார்; அங்கே நெஞ்சை அழுத்திக் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். மூச்சும் நினைவும் இல்லாமல் சாய்ந்துவிட்டால் தாமதிக்காமல் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்த வேண்டும். அது தனிப் பதிவு, எழுதுகிறேன்.

வீட்டில் இருப்பவர்கள் அழக்கூடாது என்று சொன்னால் கல்நெஞ்சு என்பீர்கள். அழுங்கள், பக்கத்து அறையில் போய் அழுங்கள். ஒருவர் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி கிளம்பிடுச்சு, நான் கூடவே இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னால் போதும். டாக்டர்கள் முதலில் வலியை அடக்குவதும் பாதி இதற்காகத்தான். வலி அடங்கினால் பரிவு நரம்பு கொஞ்சம் இறங்கும். தனியார் மருத்துவமனை நடத்துகிறவர்களும் இதைப் படிக்கிறீர்கள், என் மாணவர்களே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். காசு கேட்பது உங்கள் பாடு. ஆனால் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்காதீர்கள். திரைக்கு வெளியே, பத்தடி தள்ளி, குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். ரத்த அழுத்தத்தை இறக்க மருந்தும் கொடுத்துக்கொண்டு, அதை ஏற்றப் பேச்சும் பேசுவது என்ன கணக்கு?

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் போன மாசம் பேசினேன். மடக்கு சக்கர நாற்காலி ஒன்று, படியில் தூக்கிக்கொண்டு இறங்கக் கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலி ஒன்று, தரைத்தளத்தில் வாட்ச்மேன் அறையில். கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும் அளவுக்கு இடம், அங்கே பைக் நிறுத்தத் தடை. ஒவ்வொரு மாடியிலும் தூக்க வரக்கூடிய இரண்டு பேரின் போன் நம்பர் படிக்கட்டு ஓரத்தில். ஒருவர், "எப்பவோ ஒரு தடவை வர்றதுக்கு எதுக்கு மேடம் செலவு" என்றார். எங்கள் கட்டிடத்தில் 18 வீடு. அறுபது தாண்டியவர்கள் 21 பேர். எண்ணிக் காட்டினேன். பெயின்ட் அடிக்க ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. வெள்ளைச் சுவர் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

லிஃப்ட் இருக்கிற கட்டிடக்காரர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். இன்று ராத்திரி ஓர் இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு போய் லிஃப்டின் உள் ஆழத்தை அளந்து பாருங்கள். எங்கள் தெருவில் நான் அளந்த மூன்றிலும் ஸ்ட்ரெச்சர் படுத்தபடி நுழையாது, சக்கர நாற்காலி நுழையும். உங்கள் அளவையும், கட்டிடத்தின் பேர் போடாமல் ஏரியா பேரை மட்டும் போட்டு, கீழே எழுதுங்கள். சேர்த்து ஒரு பட்டியலாக்கி நம் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.